மரத்தைக் காக்கப் போய் மண்ணைக் கெடுக்கலாமா?



இன்று நம் பள்ளிகளில் 'பசுமை' என்ற சொல் ஒலிக்காத நாளே இல்லை. நீலம், பழுப்பு, ஆரஞ்சு என்று மூன்று நிறத்தில் மறுசுழற்சித் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. சுவரெங்கும் பூமியைக் காப்போம் என்ற வாசகங்கள். மாணவர்கள் நெகிழிப்பையின் தீமை பற்றி மேடையில் ஏறி முழங்குகிறார்கள். எல்லாம் நல்லதே. ஆனால், அந்தத் தொட்டிகளுக்குப் பத்தடி தள்ளி நிற்கும் காய்கறித் தோட்டத்தின் வேலிக் கம்பங்களை என்றேனும் உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? கறுகறுவென்று மின்னும். தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். மழை பெய்த மறுநாள் கம்பத்தின் அடியில் தேங்கிய நீரில் வானவில் நிறங்கள் மிதக்கும்.

அது சாயம் அன்று. வண்டிப் பட்டறையில் வடித்தெடுத்த கழிவெண்ணெய். 'மினியாக் ஹீத்தாம்' என்று நம்மவர்களே இயல்பாகச் சொல்லிப் பழகிவிட்ட அதே கறுப்பு எண்ணெய்தான்.

மரத்தைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. காக்கிறோம் என்ற பெயரில் குழந்தைகள் கை வைக்கும் இடத்தில் நஞ்சைப் பூசுகிறோமே, அதைத்தான் எதிர்க்கிறேன். இந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும் என்பதும், நஞ்சில்லாமல் மரத்தைக் காக்கும் அறிவு நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கழிவெண்ணெயில் என்ன இருக்கிறது?

இயந்திரத்தில் ஊற்றும்போது பொன்னிறமாக இருக்கும் எண்ணெய், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டத்திற்குப் பிறகு ஏன் கறுத்துப் போகிறது? எரிபொருள் எரிந்த கரி அதில் கலக்கிறது. இயந்திரத்தின் உட்பகுதிகள் தேய்ந்து உதிரும் உலோகத் துகள்கள் கலக்கின்றன. கடும் வெப்பத்தில் எண்ணெயே சிதைந்து, புற்றுநோயை உண்டாக்கவல்ல கரிமச் சேர்மங்கள் அதில் சேர்கின்றன. ஆய்வுக்கூடத்தில் எலிகளின் தோலில் தொடர்ந்து பூசியபோது அங்கே புற்றுக்கட்டிகள் தோன்றியதைக் கண்டிருக்கிறார்கள். தோலில் நெடுநேரம் படக்கூடாது என்ற எச்சரிக்கை எண்ணெய்ப் புட்டியின் முதுகிலேயே அச்சிடப்பட்டிருக்கும். நாம்தான் படிப்பதில்லை.

சட்டமும் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் பயன்படுத்திய மசகெண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்ற குறியீட்டோடு பட்டியலிடப்பட்டுள்ளது. அதாவது, சேமிப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அழிப்பதற்கும் ஒழுங்குமுறை உள்ள ஆபத்தான கழிவு அது. பட்டறையில் ஆபத்துக் கழிவாக இருக்கும் ஒரு பொருள், பழைய வாளியில் ஊற்றிப் பள்ளிக்குள் கொண்டு வந்தவுடன் மருந்தாக மாறிவிடுமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் கூட்டுத் துப்புரவுப் பணியைக் காண நேர்ந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம்; அது ஒரு பள்ளியின் கதையும் அன்று. நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் சிலர், பழந்துணியைச் சுருட்டி அந்தக் கறுப்பு எண்ணெயில் தோய்த்து, கீரைப்பாத்தியைச் சுற்றியிருந்த பலகைகளுக்குப் பூசிக் கொண்டிருந்தார்கள். கையுறை இல்லை. ஒருவன் நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைக்க, கண்ணருகே கறுப்புக் கோடு விழுந்தது. பொறுப்பாளரை அணுகிக் கேட்டேன். "சும்மா கெடைக்குது டீச்சர். கறையான் கிட்டயே வராது. காலங்காலமா இப்படித்தானே அடிக்கிறோம்" என்றார். நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் பள்ளிக்காக உழைக்க வந்தவர். அவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அவருக்கு மாற்று வழியைச் சொல்லித் தராத நம் கல்வியைத்தான் குறை சொல்கிறேன்.

அடுத்த மாதம் அந்தப் பாத்தியில் கீரை பறித்திருப்பார்கள். அதைச் சமைத்து உண்டிருப்பார்கள். 'இயற்கை உரமிட்ட கீரை' என்று பெயரும் சூட்டியிருப்பார்கள்!

இத்தனைக்கும் அந்த எண்ணெய் மரத்தையாவது ஒழுங்காகக் காக்கிறதா? அது காய்ந்து இறுகும் தன்மை உடையதன்று. மேற்பரப்பில் சில காலம் நீரை ஒட்டவிடாமல் செய்யும். பிறகு மழை கழுவிவிடும். கழுவப்பட்டது எங்கே போகும்? வேருக்கும் வடிகாலுக்கும்தான்.

பச்சைப் பலகையின் கதை

கழிவெண்ணெயை ஏற்காதவர்கள் உடனே சுட்டுவது, கடையில் விற்கும் மருந்தேற்றிய பச்சை நிறப் பலகையை. செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகிய மூன்றின் உப்புகளையும் நீரில் கரைத்து, மூடிய உருளைக்குள் பலகையை வைத்து, அழுத்தம் கொடுத்து உட்செலுத்தும் முறை அது. பச்சை நிறம் அந்த உப்புகள் தருவது.

இம்முறையைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. டேராடூன் வன ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய சொந்தி காமேசம் 1933இல் இதனை உருவாக்கினார். நடுநிலையோடு சொன்னால் அது பெரும் சாதனையே. மண்ணில் புதைத்த மென்மரக் கம்பமும் பல பத்தாண்டுகள் நின்றது. அடிக்கடி மாற்ற வேண்டாத ஒவ்வொரு கம்பமும் காட்டில் ஒரு மரத்தை மிச்சப்படுத்தியது. நம் நாட்டிலும் இதற்கென எம்.எஸ். 360 என்ற தரநிர்ணயம் இருக்கிறது.

ஆனால், அறிவியல் ஓரிடத்தில் நின்றுவிடுவதில்லை. ஆர்சனிக் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதி செய்யப்பட்ட உண்மை. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவம் அதனை முதற்பிரிவில் வைத்திருக்கிறது. பலகைக்குள் செலுத்திய ஆர்சனிக்கில் ஒரு பகுதி சிறிது சிறிதாகக் கசிந்து மேற்பரப்பிற்கும் மண்ணுக்கும் வருகிறது என்று தெரிந்த பிறகு, 2003ஆம் ஆண்டின் இறுதியோடு அமெரிக்காவில் பெரும்பாலான வீட்டுப் பயன்பாட்டிற்கு இம்மருந்தேற்றுவது நிறுத்தப்பட்டது. 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 2006இல் ஆஸ்திரேலியா சிறுவர் விளையாட்டுச் சாதனங்களுக்கும் கைப்பிடிகளுக்கும் தரைப்பலகைகளுக்கும் இதனைப் பயன்படுத்துவதை நிறுத்தியது. அந்த நாடுகள் யாரை எண்ணி அஞ்சின? பலகையில் கை வைத்துவிட்டு அதே கையை வாயில் வைக்கும் குழந்தையை எண்ணித்தான்.

கூரைக்குள் யார் கையும் படாத சட்டத்தில் இம்மருந்து இருப்பது வேறு. பிள்ளைகள் அமரும் இருக்கையிலும் பயிர் வளரும் பாத்தியிலும் இருப்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் இல்லை.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பள்ளியில் பொங்கல் விழா என்றால் விறகு தேடுகிறோம். கட்டுமான இடத்தில் சும்மா கிடக்கும் பலகைத் துண்டுகள் எளிதாகக் கண்ணில் படும். அவை மருந்தேற்றிய பலகைகளாக இருந்தால், எரிக்கும்போது ஆர்சனிக்கின் ஒரு பகுதி புகையில் போகும். மீதி சாம்பலில் தங்கும். பொங்கல் பானைக்கு அடியிலா அது எரிய வேண்டும்? பச்சை சாயல் உள்ள பலகை, எங்கிருந்து வந்ததென்று தெரியாத பலகை, இரண்டும் அடுப்பிற்கு ஆகாது. நிறம் மங்கிய பழைய பலகையிலும் மருந்து இருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. தயவு செய்து இதனை உங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

மரம் ஏன் கெடுகிறது?

நோய் தெரியாமல் மருந்து கொடுக்கலாகாது. மரத்திற்குப் பகைவர் நால்வர்: பூஞ்சை, கறையான், வண்டு, வெயில்.

மரத்தை உளுத்துப் போகச் செய்யும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டிற்குக் கீழே இருந்தால் அது வளர முடியாது. இந்த ஓர் உண்மையை நினைவில் வைத்தாலே பாதி மரத்தைக் காப்பாற்றிவிடலாம். மண்ணில் வாழும் கறையான், மண்குழாய் கட்டிக்கொண்டு நிலத்திலிருந்து மேலேறி வருகிறது. மரம் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாமலே உள்ளே புகும். இடைவெளி இருந்தால் அது கட்டும் குழாய் நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வண்டு, மாச்சத்து மிகுந்த மரத்தைத் தேடி வருகிறது. வெயில், மரநார்களைப் பிணைத்திருக்கும் பொருளைச் சிதைத்து மேற்பரப்பை நரைக்கச் செய்கிறது.

எல்லா மரமும் ஒன்றுபோல் கெடுவதில்லை. மரத்தின் நடுவே கறுத்து இறுகிய பகுதியை நாம் வைரம் என்கிறோம். வெளிப்புறத்து வெளிறிய பகுதி விரைவில் உளுக்கும், வைரம் நிலைக்கும். காரணம், வைரப்பகுதியில் மரமே தனக்கென்று சுரந்து சேர்த்து வைத்திருக்கும் பிசின்களும் துவர்ப்புப் பொருள்களும். ஆக, உலகின் முதல் இயற்கை மரக்காப்புப் பொருளைச் செய்தது மரமேதான்! உள்ளே வைரம் கொண்டவற்றை மரம் என்றும் புறத்தே வன்மை கொண்டவற்றைப் புல் என்றும் தொல்காப்பியம் மரபியலில் வகுத்திருக்கிறது. தென்னையும் மூங்கிலும் ஏன் புல்லினம் என்று மாணவர்க்கு விளக்கும்போது, இந்த மரக்காப்புப் பாடத்தையும் சேர்த்தே நடத்திவிடலாமே!

நஞ்சில்லாமல் நின்றவை

"அதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்" என்பவர்கள் நெகிரி செம்பிலானில் உள்ள ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனையைப் போய்ப் பார்க்கலாம். 1902இல் தொடங்கி 1908இல் முடிந்த கட்டடம். 99 தூண்கள். ஆணி இல்லாமல் மரமுளைகளால் பிணைத்தது. கிளந்தானின் கம்போங் லாவுட் பள்ளிவாசல் இன்னும் பழையது. வெள்ளம் தாக்கியதால் 1968இல் பகுதி பகுதியாகக் கழற்றி நீலாம் பூரிக்குக் கொண்டு சென்று மீண்டும் பொருத்தினார்கள். கழற்றிப் பூட்டும் அளவிற்கு அந்த மரம் திடமாக இருந்தது.

இவை நின்றதற்கு ஏதோ மந்திரப் பூச்சு காரணமன்று. செங்கால் போன்ற வைரம் பாய்ந்த மரத்தைத் தேர்ந்தார்கள். மலாய்க்காரர்களின் மரபு வீட்டில் தூணை நேரே மண்ணில் ஊன்றாமல் கல்லின் மேல் நிறுத்தினார்கள். தரையை உயர்த்திக் காற்று ஓடவிட்டார்கள். கூரையை நீட்டி மழையைத் தள்ளி வைத்தார்கள். திரெங்கானுவின் டுயோங் தீவில் படகு கட்டியவர்கள் செங்கால் பலகைகளுக்கு இடையே கெலாம் மரப்பட்டையை வைத்து இறுக்கினார்கள். நீர் பட்டதும் அப்பட்டை ஊதி இடைவெளியை அடைத்துக் கொள்ளும். செங்கால் மரத்தில் வடியும் பிசினும் வீணாகவில்லை. டாமார் என்று மலாய்மொழி அழைக்கும் அவ்வகைப் பிசினைத்தான் நாம் குங்கிலியம் என்கிறோம்.

உலகின் மறுகோடியில், நார்வே நாட்டின் போர்குண்ட் மரத்தேவாலயம் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. பைன் மரத்தைச் சுட்டு வடித்த தாரை மீண்டும் மீண்டும் பூசி அதனைக் காத்து வருகிறார்கள். ஜப்பானியர் சிடார் பலகையின் மேற்பரப்பைத் தீயில் கருக்கிச் சுவருக்குப் பொருத்தினார்கள். எட்டு நூற்றாண்டு நின்ற மரத்தை ஏட்டுச் சுரைக்காய் என்று எப்படிச் சொல்வது?

எந்தப் பொருள் எதற்கு?

இங்கேதான் நான் இன்னொரு தரப்பாரோடும் மோத வேண்டியிருக்கிறது. 'இயற்கை' என்று எழுதிய புட்டி எதுவாயினும் நல்லது என்று நம்புவோர் அவர்கள். எல்லா நோய்க்கும் வேப்பெண்ணெய் என்பது அறிவியல் ஆகாது. ஒவ்வொன்றின் வலிமையையும் வரம்பையும் அறிந்தே பயன்படுத்த வேண்டும்.

1. ஆளிவிதை எண்ணெய், துங் எண்ணெய்: இவை காற்றிலுள்ள உயிர்வாயுவோடு சேர்ந்து இறுகும் எண்ணெய்கள். மரத்தின் நுண்துளைக்குள் புகுந்து கெட்டிப்படுவதால் நீர் எளிதில் நுழையாது. மேசை, நாற்காலி, கதவு ஆகியவற்றிற்கு ஏற்றவை. நம் சமையலறையில் இருக்கும் புவா கெராஸ் கொட்டையின் எண்ணெயும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆனால், இவை கறையானைக் கொல்லா. தடிப்பாகப் பூசினால் நம் நாட்டு ஈரக் காற்றில் பூசணம் பிடிக்கும். 'கொதிக்க வைத்தது' என்ற பெயரில் விற்கும் ஆளிவிதை எண்ணெயில் விரைவில் உலர்வதற்காக உலோக உப்புகள் கலந்திருக்கலாம். லேபிளைப் படித்து வாங்குங்கள்.

2. தேன்மெழுகு: எண்ணெய் பூசி உலர்ந்த மரத்திற்கு மேற்பூச்சு. நீரைத் தள்ளும்; கைக்கு வழவழப்பாக இருக்கும். வெயிலிலும் மழையிலும் நிற்கும் பொருளுக்கு இது மட்டும் போதாது.

3. குங்கிலியம்: எண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சினால் பளபளப்பான மெருகு கிடைக்கும். படகின் இடைவெளி அடைக்கவும் பயன்பட்டது. காய்ச்சுவது அனுபவமுள்ளவர் வேலை, வகுப்பறையில் வேண்டாம்.

4. முந்திரிக்கொட்டையின் ஓட்டெண்ணெய்: தமிழகத்திலும் கேரளத்திலும் கடலோர மக்கள் படகிற்கும் வலைக்கும் பூசி வந்தது. மரம் துளைக்கும் உயிரிகளை எதிர்க்கும் ஆற்றல் உண்டு. ஆனால் தோலில் பட்டால் கொப்புளிக்கும். இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று எண்ணக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

5. வேப்பெண்ணெய்: பூச்சிகளை விரட்டும் பொருள் அதில் உண்டு. எனினும், வெயில் பட்டால் அப்பொருள் விரைவில் சிதைந்துவிடும். எண்ணெயும் நன்றாக இறுகுவதில்லை. நிழலில் இருக்கும் அலமாரியின் பின்புறத்திற்கு அவ்வப்போது தடவலாம். மண்ணில் புதைத்த கம்பத்தை வேப்பெண்ணெய் காக்கும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

6. வெண்காரமும் போரிக் அமிலமும்: இவை நிலத்தில் கிடைக்கும் கனிமத்திலிருந்து வருபவை. பூஞ்சை, வண்டு, கறையான் ஆகிய மூன்றையும் தடுக்கும். நீரில் கரைவதால் மழையில் நிற்கும் பொருளுக்கு ஆகாது. கூரைக்குக் கீழே உள்ளதற்கே ஏற்றது. ஆர்சனிக்கோடு ஒப்பிட்டால் தீங்கு மிகக் குறைவு. என்றாலும், அளவு மீறி உட்சென்றால் கெடுதி உண்டு; பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

வெண்காரத்தைப் பற்றிப் பேசும்போது ரப்பர் மரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலையில் எழுந்து பால் வெட்டிய மரம் அது. 25, 30 ஆண்டுகளில் பால் வற்றியதும் வெட்டி விறகாக எரித்தார்கள். மாச்சத்து மிகுந்த மரமாதலால், வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை படிந்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். 'எதற்கும் உதவாத மரம்' என்று பெயர் வாங்கியிருந்தது. வெட்டியவுடன் போரான் உப்பை உட்செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை வந்தபின், அதே மரம் மேசையாகவும் கட்டிலாகவும் உலகெங்கும் ஏற்றுமதியாயிற்று. 1980களிலிருந்து நம் நாட்டின் மரத்தளவாடத் தொழிலைத் தூக்கி நிறுத்தியது அம்மரமே. காட்டை அழிக்காமல் கிடைத்த பலகை! ஆர்சனிக் இல்லாமலும் ஒரு பெருந்தொழில் நடக்கும் என்பதற்கு நம் தோட்டத்து மரமே சாட்சி.

மறுப்புகளுக்கு மறுமொழி

"கழிவெண்ணெய் சும்மா கிடைக்கிறதே!"
சும்மா கிடைப்பதன் விலையை வேறொருவர் கொடுக்கிறார் என்று பொருள். இங்கே கொடுப்பவர்கள் பத்து வயதுப் பிள்ளைகளும் பாத்தியின் மண்ணும். பட்டறைக்காரர் முறைப்படி ஒப்படைக்க வேண்டிய கழிவை நாம் இலவசமாகச் சுமந்து வருகிறோம்.

"தாத்தா காலத்திலிருந்து செய்கிறோம். யாருக்கு என்ன ஆயிற்று?"
தாத்தா காலத்தில் புகையிலையின் தீங்கும் தெரியாது. மெல்லக் கொல்லும் நஞ்சு உடனே கணக்குச் சொல்லாது. மேலும், தாத்தாவின் தாத்தா கழிவெண்ணெயா பூசினார்? அவர் காலத்தில் வண்டியே இல்லையே! மரபு என்று பேசினால் எண்ணெய் வித்துகளும் பிசினும் மீனெண்ணெயும்தாம் மரபு.

"இயற்கை எண்ணெயை ஆண்டுதோறும் பூச வேண்டும். யாருக்கு நேரம்?"
உண்மைதான், ஆண்டுக்கொரு முறை பராமரிப்பு வேண்டும். பராமரிக்கப் பழகுவது கல்வியில் சேராதா? பள்ளி நாற்காலி ஆடினால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது கேட்கும் பழக்கத்தில் வளரும் பிள்ளைக்கு, ஒரு பொருளை உலர்த்தி, தேய்த்து, எண்ணெய் பூசி, பத்தாண்டு காப்பாற்றும் பழக்கம் எவ்வளவு பெரிய பாடம்!

"பேசாமல் இரும்பும் நெகிழியும் வாங்கிவிடலாமே?"
இரும்பும் துருப்பிடிக்கும், அதற்கும் பூச்சு வேண்டும். நெகிழி வெயிலில் நொறுங்கி மண்ணோடு கலக்கும். மரம் வளரும்போது காற்றிலிருந்து கரியமிலவாயுவை உண்டது; பலகையாக நம்மோடு இருக்கும் வரை அந்தக் கரியைத் தன்னுள் பூட்டி வைத்திருக்கிறது. ஒரு மர இருக்கையை இன்னும் இருபது ஆண்டு வாழவைப்பதும் ஒருவகையில் மரம் நடுவதற்கு ஒப்பானதே.

பள்ளிகள் செய்ய வேண்டியவை

குறை மட்டும் கூறி ஒதுங்குவது ஆசிரியர்க்கு அழகன்று. ஆகவே, என் கோரிக்கைகள் இவை:

அ. பள்ளி வளாகத்திற்குள் கழிவெண்ணெய் நுழையக் கூடாது. துப்புரவுப் பணிக்கு முன்பே பெற்றோர் ஆசிரியர் சங்கம் இதனை அறிவிக்க வேண்டும்.

ஆ. புதிய பலகை வாங்கும்போது என்ன மருந்து ஏற்றியது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் பிள்ளைகள் தொடும் இடத்திற்கு அதனை வாங்காதீர்கள்.

இ. ஏற்கெனவே நிற்கும் பச்சைப் பலகைகளை உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள், எரிக்காதீர்கள். ஊடுருவும் எண்ணெய்ப் பூச்சை ஆண்டுக்கொரு முறை பூசினால் நஞ்சு கையில் ஒட்டுவது குறையும். காய்கறிப் பாத்தியின் ஓரத்தில் இருந்தால் பாத்தியை வேறிடத்திற்கு மாற்றுங்கள்.

ஈ. கம்பத்தை மண்ணில் புதைக்காதீர்கள். சிமெண்டுக் கட்டையின் மேலோ இரும்புத் தாங்கியின் மேலோ நிறுத்துங்கள். மண்ணுக்கும் மரத்திற்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும்; மாதம் ஒருமுறை குனிந்து பாருங்கள். மண்குழாய் கண்டால் உடனே இடித்துவிட்டு, புற்று எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். இந்த ஒன்றைச் செய்தால் பாதிப் பூச்சுக்கு வேலையே இராது.

உ. இருக்கைகளுக்கு மழைபடாத நாளில் இறுகும் எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். கால் மணி நேரம் கழித்து எஞ்சியதைத் துணியால் துடைத்தெடுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே அடுத்த பூச்சு. இப்படி மூன்று முறை. பின்பு, ஒரு பங்கு தேன்மெழுகை நான்கு பங்கு எண்ணெயில் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து இளக்கி, ஆறியபின் தேய்த்தால் மெருகு நிற்கும். இளக்குவது பெரியவர் வேலை.

ஊ. மிக முக்கியமான எச்சரிக்கை! ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. எண்ணெய் இறுகும்போது வெளிப்படும் வெப்பம் சுருளுக்குள் தேங்கி, தீக்குச்சி இல்லாமலே தீப்பற்றும். துணியை வெட்டவெளியில் விரித்து உலர்த்துங்கள்; அல்லது நீரில் ஊற வையுங்கள்.

எ. 'வாழ்வியல் திறன்' என்று ஒரு காலத்தில் அழைத்தோம். பின்னர் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்றானது. பாடம் எந்தப் பெயரில் வந்தாலும், இதற்கு ஒரு வாரம் ஒதுக்க முடியும். இரும்பு துருப்பிடிப்பதை அறிவியல் வகுப்பில் சோதித்துக் காட்டுகிறோமே! அதேபோல், நான்கு பலகைத் துண்டுகளை எடுங்கள். ஒன்றுக்கு எதுவும் பூசாமல், ஒன்றுக்கு ஆளிவிதை எண்ணெய், ஒன்றுக்கு வேப்பெண்ணெய், ஒன்றுக்குத் தேங்காயெண்ணெய் பூசி, வெளியே வைத்து ஆண்டு முழுவதும் பதிவு செய்யச் சொல்லுங்கள். எது வென்றது என்று பிள்ளைகளே சொல்லட்டும். நான் சொல்வதையும் அவர்கள் அப்படியே நம்ப வேண்டியதில்லை.

நிறைவாக

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குக் கற்பித்த ஒரு கருத்தை இன்றளவும் பெரிதாக மதிக்கிறேன். கரும்பலகையில் எழுதுவதை மட்டுமன்று, வளாகத்தில் காண்பதையும் பிள்ளை பாடமாகவே படிக்கிறது. வகுப்பறையில் சுற்றுச்சூழல் கட்டுரை எழுதவைத்து, வெளியே கூட்டிச் சென்று கழிவெண்ணெய் வாளியைக் கையில் கொடுத்தால், அந்தப் பிள்ளை இரண்டில் எதைக் கற்றுக்கொள்ளும்? நாம் சொல்வது மேடைக்கு, செய்வது வேறு என்பதைத்தான் கற்றுக்கொள்ளும். மண்ணில் கலந்த நஞ்சைவிட அந்தப் பாடம் ஆழமாகப் பதியும்.

மரம் தன்னைக் காத்துக்கொள்ளத் தன்னுள்ளேயே வைரத்தை வளர்த்தது. அதைப் பலகையாக்கிப் பயன்படுத்தும் நமக்கு, ஈரத்தைத் தடுக்கவும் மண்ணைத் தொடாமல் நிறுத்தவும் ஆண்டுக்கொரு முறை எண்ணெய் தடவவும் முடியாதா? அடுத்த கூட்டுத் துப்புரவுப் பணிக்கு நாள் குறிக்கும்போது, வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் கறுப்பு எண்ணெய் இருந்தால் அடித்துவிடுங்கள்.

உங்கள் பள்ளியில் நிலைமை எப்படி? எழுதுங்கள், மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள்.